தஸ்தயெவ்ஸ்கியின் ரகசியமும் என் சீட்டுக் காசும்

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நேரமின்மையால் பேச்சில் விட்டுப்போன சில பகுதிகள் சேர்க்கப்பட்டுள்ளன.)

திரையில் பல ஊர்களில் இருந்தும் வந்திருக்கிறீர்கள். சிலருக்கு விடியற்காலை, சிலருக்கு நடுச்சாமம். சூதாட்டமும் மன அடக்கமும் என்று அறிவித்திருந்ததைப் பார்த்து ஒரு நண்பர் தொலைபேசி எடுத்து, "உபதேசம் செய்யப் போறியோ மச்சான்?" என்று கேட்டார். உபதேசம் செய்கிற தகுதி எனக்கில்லை. ஏன் இல்லை என்பதை இடையில் சொல்கிறேன்.

நான் இருக்கும் இடத்தில் இருந்து ஜெர்மனியின் வீஸ்பாடன் நகரத்துக்கு ரயிலில் ஒரு மணி நேரம். வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன ஊர். அங்கே குர்ஹவுஸ் என்ற பெரிய மாளிகைக்குள் இன்றும் சூதாட்ட விடுதி நடக்கிறது. அதன் பின்புறப் பூங்காவில் தஸ்தயெவ்ஸ்கிக்கு ஒரு மார்பளவுச் சிலை இருக்கிறது. தன்னுடைய காசையும் மனைவியின் காசையும் நண்பர்களிடம் வாங்கிய கடனையும் ஓர் ஊரிலே விட்டவருக்கு அந்த ஊரே சிலை வைத்திருப்பதைப் பார்த்து முதல் தடவை சிரித்துவிட்டேன். இப்போதைய கட்டடம் 1907இல் கட்டியது. அவர் ஆடியது அதற்கு முன்பிருந்த பழைய மாளிகையில்.

1863 ஆகஸ்டில் பாரிஸுக்குப் போகும் வழியில் அவர் இங்கே நாலு நாள் தங்கினார். அப்போது வயது 41. பாரிஸில் பொலினா சுஸ்லோவா என்ற இளம்பெண் காத்திருக்கிறாள்; ரஷ்யாவில் முதல் மனைவி காசநோயில் கிடக்கிறாள். ரூலெட் மேசையில் பத்தாயிரம் பிராங்குக்கு மேல் வென்றார். அதில் பாதியைத் திரும்ப விட்டார். மீதியோடு தப்பிப் போய், ஒரு பங்கை மனைவிக்காக மைத்துனிக்கு அனுப்பினார். பாரிஸில் இருந்து அந்த மைத்துனிக்கு எழுதிய கடிதத்தில்தான் ரகசியம் வருகிறது. வெல்லும் வழி தனக்குத் தெரியும் என்கிறார். அது முட்டாள்தனமான அளவுக்கு எளிமையானதாம்: ஆட்டத்தின் எந்தக் கட்டத்திலும் தன்னைக் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டும், சூடாகக் கூடாது, அவ்வளவுதான். அப்படி ஆடுகிறவன் தோற்கவே முடியாது என்று நம்புகிறார். அடுத்த மூச்சிலேயே, எவ்வளவு அறிவாளியாக, இரும்பு மனசுக்காரனாக இருந்தாலும் அதைக் கடைப்பிடிப்பது கடினம் என்றும் ஒப்புக்கொள்கிறார்.

சில நாட்களில் பாடன்-பாடன் நகரத்தில் எல்லாம் போனது. அனுப்பிய காசில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லி மைத்துனிக்கே எழுதினார்.

இந்தக் கடிதத்தைப் படிக்கிறவர்கள் வழக்கமாக என்ன சொல்வார்கள்? பாவம், வழி தெரிந்தும் மனத்தை அடக்க முடியாமல் தோற்றார் என்பார்கள். நானும் பல காலம் அப்படித்தான் நினைத்தேன். அவர் அடக்கத் தவறியதில் பிழை இல்லை, ரகசியமே பிழை. ஒற்றைப் பூச்சியம் உள்ள ரூலெட் சக்கரத்தில் 37 அறைகள். ஓர் எண்ணில் வைத்து வென்றால் 35 மடங்கு தருவார்கள், 36 அல்ல. சிவப்பு கறுப்பில் வைத்தாலும் 37இல் 18தான் உங்களுக்கு. எப்படி வைத்தாலும் நூறுக்குச் சராசரியாக இரண்டே முக்கால் போகும். நீங்கள் புத்தர் போல உட்கார்ந்திருந்தாலும் அந்தப் பூச்சியம் எடுத்துப் போடப்படுவதில்லை. உண்மையில் நிதானமாக ஆடுகிறவன் கூடுதல் நேரம் ஆடுவான். கூடுதல் நேரம் ஆடினால் அந்தச் சராசரி அவனைக் கூடுதல் நிச்சயமாகப் பிடிக்கும். கோபத்தில் ஒரே வைப்பில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு எழும்பிப் போகிறவனுக்காவது இரவுச் சாப்பாட்டு நேரம் மிஞ்சும்.

அவருக்குச் சாப்பாடும் மிஞ்சவில்லை. 1865இல் மறுபடி வீஸ்பாடன் வந்து ஐந்து நாளில் கையில் இருந்ததை விட்டார். தங்கியிருந்த விடுதியில் சாப்பாட்டை நிறுத்தினார்கள். துர்கேனெவிடம் நூறு தாலர் கேட்டு எழுதினார், ஐம்பது வந்தது. அந்தப் பட்டினி நாட்களிலேயே 'குற்றமும் தண்டனையும்' நாவலின் கரு ஒரு பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதமாகப் போனது. அடுத்த வருடம், 1866 அக்டோபரில், ஒரு பதிப்பாளரோடு செய்த கொடுமையான ஒப்பந்தத்தில் இருந்து தப்ப 26 நாளில் 'சூதாடி'யைச் சொல்லச் சொல்ல, இருபது வயதுச் சுருக்கெழுத்துப் பெண் அன்னா எழுதினாள். கெடு தப்பியிருந்தால் ஒன்பது வருடத்துக்கு அவருடைய எழுத்தெல்லாம் பதிப்பாளருக்கு இலவசம். மூன்று நாலு மாதத்தில் அன்னாவையே கலியாணம் செய்தார். 1867 கோடையில் பாடன்-பாடனில் அவளுடைய தோடும் புரோச்சும் கலியாண மோதிரமும் அடகுக் கடைக்குப் போய்வந்த கதையை அவளே தன் சுருக்கெழுத்து நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறாள். சூதாட்டத்தை அவ்வளவு துல்லியமாக ஒரு நாவலில் எழுதி முடித்தவர், அடுத்த வருடமே அந்த நாவலின் பாத்திரம் போல ஆடினார். எழுதினால் தெளிவு வந்துவிடும் என்று நம்புகிற எங்களைப் போன்றவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அந்தக் காலத்திலேயே கடலுக்கு அந்தப் பக்கம் வேறோர் ஆட்டம் வளர்ந்துகொண்டிருந்தது. மிசிசிப்பி நதி நீராவிக் கப்பல்களில், நியூ ஓர்லியன்ஸில் இருந்து வடக்கே பரவிய போக்கர். ஜோசப் கவல் என்ற ஆங்கிலேய நடிகர் 1829இல் கப்பலில் கண்ட ஆட்டத்தைப் பின்னர் எழுதிவைத்தார். அன்று கட்டில் இருபது கடதாசிகள்தான்: பத்து முதல் ஏஸ் வரை, நாலு பேருக்கு ஐந்து ஐந்து. எங்கள் ஊரில் விளையாடும் சீட்டைக் கடதாசி என்போம். மாதா மாதம் கட்டுவதுதான் சீட்டு. இந்த உரையில் அப்படியே வைத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் பின்னால் குழம்பும்.

போக்கரில் எதிரே இருப்பது சக்கரம் அல்ல, ஆள். விடுதிக்காரன் மேசைக்கூலி எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுவான். உங்கள் கையில் இருப்பது அவனுக்குத் தெரியாது, அவன் கை உங்களுக்குத் தெரியாது. கடதாசி மோசமென்றால் கவிழ்த்து வைத்துவிட்டு ஒதுங்கலாம். மோசமான கையோடு பெரிய பந்தயம் கட்டி எதிராளியை ஓடவும் வைக்கலாம். அதைத்தான் பிளஃப் என்கிறார்கள். ஆக, சக்கரத்துக்கு முன்னால் பயனே இல்லாத நிதானம் இந்த மேசையில் காசு பெறும். தஸ்தயெவ்ஸ்கியின் கடிதத்தில் இருப்பது நல்ல போக்கர் ஆட்டக்காரனின் விதி. அவர் அதைத் தவறான மேசையில் பிரயோகித்தார்.

ஆனால் போக்கர்காரர்களும் முதல் நூறு வருடம் நிதானத்தை முகத்தோடு போட்டுக் குழப்பிக்கொண்டார்கள் என்று எனக்குப் படுகிறது. 'போக்கர் முகம்' என்ற சொல் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே வந்துவிட்டது. அது மற்றவனுக்குக் காட்டும் முகம். உள்ளே என்ன நடக்கிறது என்பது அதில் கணக்கில்லை. எனக்கு இது விளங்குவதற்குக் காரணம் 304. ஊரில் மதகடியிலும் வாசிகசாலை விறாந்தையிலும் பெரியவர்கள் ஆடுவார்கள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, கிங் 3, குயின் 2. ஒரு இனத்துக்கு 76, நாலு இனத்துக்கு 304. துரும்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு முகத்தைக் கல்லாக வைத்திருந்த பெரியவர்கள், ஆட்டம் முடிந்ததும் பங்காளியை நோக்கித் துரும்பை ஏன் அப்ப இறக்கினாய் என்று கத்துகிற சத்தம் கோயில் வரைக்கும் கேட்கும். முகம் கல்லாக இருந்த அந்தப் பத்து நிமிடமும் உள்ளே உலை கொதித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

கணிதக்காரர் ஜான் வான் நியூமன் 1928இல் விளையாட்டுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1944இல் ஒஸ்கார் மோர்கன்ஸ்டர்னோடு சேர்ந்து எழுதிய பெரிய நூலில் போக்கருக்குத் தனிப் பகுதியே உண்டு. பிளஃப் என்பது துணிச்சலோ குணமோ அல்ல, கணக்கு என்பது அதில் தெரிந்தது. சில தடவை பொய்யாகக் கட்டாவிட்டால், நீ உண்மையாகக் கட்டும்போது யாரும் காசு போடமாட்டார்கள். எத்தனை தடவை என்பதற்கு விடை இருக்கிறது. ஆட்டக்காரர்கள் இதைப் படிக்கப் பல பத்தாண்டு எடுத்தது. 1984இல் மைக் காரோ எழுதிய புகழ்பெற்ற புத்தகம் இன்னும் முகத்தையும் கையையும்தான் படித்தது: மூச்சு, பார்வை, காசு வில்லைகளை வைக்கிற விதம். பலமில்லாதவன் பலசாலி போல நடிப்பான், பலமுள்ளவன் சோர்ந்தவன் போல நடிப்பான் என்பது அவருடைய அடிப்படை.

இணையம் வந்ததும் முகம் மேசையை விட்டுப் போனது. 2003 உலகப் போக்கர் தொடரில் 839 பேர் ஆடிய முதன்மைப் போட்டியில், இணையத்தில் சில்லறைக் காசுக்கு நுழைவு வென்று வந்த டென்னசிக் கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர் 25 இலட்சம் டாலர் வென்றார். பெயரே பணம் பண்ணுகிறவர். நாவலில் வைத்தால் ஆசிரியரைத் திட்டுவோம். அவர் வெறும் கையோடு முழுக் காசையும் நடுவில் தள்ளி, ஜோடி ஒன்பது வைத்திருந்த அனுபவசாலி சாமி ஃபார்ஹாவை ஒதுங்க வைத்ததைத் தொலைக்காட்சியில் உலகமே பார்த்தது. மறைந்திருக்கும் கடதாசியைப் பார்வையாளருக்குக் காட்டும் கமராவுக்குக் காப்புரிமை வாங்கியவர் ஹென்றி ஓரென்ஸ்டீன், நாஸி வதைமுகாம்களில் தப்பியவர். அந்தக் கமரா இல்லாவிட்டால் அந்தப் பொய் யாருக்கும் தெரிந்திருக்காது. அதைப் பார்த்து உலகம் முழுக்க இளைஞர்கள் கணினி முன் உட்கார்ந்தார்கள். கணினியில் முகமில்லை. நீங்கள் அழுதாலும் எதிராளிக்குத் தெரியாது. அப்போதுதான் ஆட்டக்காரர்களுக்கு ஒரு விஷயம் உறைத்தது: கவனிக்க வேண்டியது தன்னுடைய உணர்ச்சியை, அதை மற்றவனிடம் மறைத்து ஒன்றும் ஆகாது.

அதற்கு அவர்கள் வைத்திருந்த சொல் 'டில்ட்'. பின்பால் இயந்திரத்தில் இருந்து வந்தது என்பார்கள். 1930களில் அந்த இயந்திரங்களை ஆட்கள் தூக்கியும் உலுக்கியும் பந்தைத் தங்கள் பக்கம் உருளச் செய்தார்கள். ஹரி வில்லியம்ஸ் என்பவர் உள்ளே ஓர் ஏமாற்றுக் காட்டி வைத்தார். பின்னாளில் பழகிய வடிவத்தில், ஒரு வளையத்துக்குள் தொங்குகிற ஊசல். இயந்திரத்தை உலுக்கினால் ஊசல் வளையத்தைத் தொடும், மின்சுற்று மூடும், 'டில்ட்' என்று விளக்கு எரியும், ஆட்டம் செத்துவிடும். பிறகு எந்தப் பொத்தானை அமத்தினாலும் பயனில்லை. தோல்விக்குப் பிறகு ஆட்டக்காரன் மனம் அந்த நிலைக்குப் போவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஒரே வித்தியாசம், மனிதனுக்கு விளக்கு எரியாது. எரிந்தால் நல்லது.

நான் தகுதியில்லாதவன் என்று சொன்னேன் அல்லவா, அது இங்கேதான் வருகிறது. 2009 குளிர்காலம். இங்கே எங்களுக்குள் இருபது பேர் சேர்ந்து மாதம் முந்நூறு யூரோ சீட்டுக் கட்டினோம். தாய்ச்சீட்டு வழக்கம் போல நடத்துகிறவருக்கு. ஏழாம் மாதம் நான் கூறி எடுத்தேன். கழிவு போக ஐயாயிரத்துச் சொச்சம் கைக்கு வந்தது. ஊரில் வீட்டுக்குக் கூரை மாற்ற வைத்த காசு. இரவு வேலை முடிந்து வந்து அரை மணி நேரம் கணினியில் ஆடுவது அப்போது பழக்கம், சில்லறைக் காசுக்கு. அன்று கையில் இரண்டு ஏஸ். எதிராளி இரண்டு ஏழு வைத்துக்கொண்டு முழுக் காசையும் தள்ளினான். ஐந்தில் நாலு தடவை நான் வெல்லும் ஆட்டம். கடைசிக் கடதாசி ஏழாக வந்தது.

ஐந்தில் நாலு என்றால் ஐந்தில் ஒன்று தோற்கும் என்றுதான் பொருள். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த நேரம் எனக்கு அநியாயம் நடந்ததாக, யாரோ என்னைக் கூப்பிட்டு வைத்து அடித்ததாக இருந்தது. உடனே பெரிய மேசைக்குப் போனேன். விடிய ஆறு மணிக்கு மூவாயிரத்து நானூறு போயிருந்தது. கைகள் குளிரவில்லை, இதயம் படபடக்கவில்லை. அமைதியாகவே இருந்ததாக ஞாபகம். சீட்டுக் காசைக் கடதாசியில் விட்டவன் என்று இன்றைக்குப் பகிடியாகச் சொல்கிறேன். அன்று மனைவியிடம் சொல்லப் பதினொரு நாள் எடுத்தது. மிச்சம் பதின்மூன்று மாதமும், போய்விட்ட காசுக்கு மாதம் முந்நூறு கட்டினேன்.

1979இல் கானமனும் டிவெர்ஸ்கியும் எழுதிய கட்டுரையில், தன் இழப்போடு சமாதானமாகாதவன் மற்ற நேரம் தொடவே மாட்டாத பந்தயங்களை எடுப்பான் என்ற கருத்து இருக்கிறது. இழப்பின் வலி அதேயளவு வரவின் சந்தோசத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு என்று பின்னர் அளந்தும் பார்த்தார்கள். இதைப் பொருளாதாரம் கண்டுபிடித்தது என்று பெருமைப்பட முடியாது. குறளின் சூது அதிகாரத்தில், தோற்கத் தோற்கச் சூதின் மேல் ஆசை கூடுவது ஓர் உவமையாக வருகிறது. துன்பப்படப்பட உயிருக்கு உடம்பின் மேல் காதல் கூடுவதை விளக்கத்தான் வள்ளுவர் சூதை எடுக்கிறார். உவமை என்பது கேட்பவனுக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருக்க வேண்டும். அப்படியென்றால் அன்றைக்கே இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

நளன் கதை இன்னும் நெருக்கமானது. நளவெண்பா வழியாக நமக்குப் பழகிய நளனைச் சூதாட வைப்பது உள்ளே புகுந்த கலி. டில்ட்டுக்கு இதைவிட நல்ல பெயர் கிடையாது. கலி எப்படி வெளியேறுகிறது என்று பாருங்கள். பாரதத்தில், இருதுபன்னன் தேரில் போகும்போதே தான்றி மரத்தின் இலையையும் காயையும் எண்ணிச் சொல்கிறான். குதிரை வித்தையைக் கொடுத்து அந்த எண்ணும் வித்தையை நளன் வாங்குகிறான். அதோடு கலி உடம்பை விட்டுப் போகிறது. அந்தக் காலத்தில் தான்றிக் கொட்டைதான் கவறு. பூசையோ தவமோ அல்ல, கணக்கு வந்ததும் பேய் போய்விட்டது. பிறகு நளன் மறுபடி ஆடி நாட்டை வென்றான், கதை முடிந்தது. அவன் தொடர்ந்து ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எந்தப் புலவரும் கேட்கவில்லை.

நான் தொடர்ந்து ஆடினேன். கணக்குப் படித்தேன். 2011இல் ஜாரட் டெண்ட்லர் என்ற உளவியல்காரர், முதலில் கோல்ஃப் ஆட்டக்காரர்களோடு வேலை செய்தவர், போக்கரின் மன ஆட்டம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் டில்ட்டை ஏழாகப் பிரிக்கிறார்: அநியாயம் நடந்தது என்று வருவது, தோல்வியே பிடிக்காமல் வருவது, தன் பிழையால் வருவது, எனக்கு உரியது என்ற எண்ணத்தால் வருவது, பழிவாங்க வருவது, இப்படி. முதல் பக்கத்திலேயே நான் என்னைக் கண்டுபிடித்தேன். உனக்கு வருவது எந்த வகை, அது வருமுன் உடம்பில் என்ன தெரிகிறது, அதை எழுதி வை, அந்த நேரத்துக்கு ஒரு வரி தயார் செய்து வை என்கிற மாதிரியான வேலைமுறை. நல்ல புத்தகம் என்றுதான் இன்றும் சொல்வேன். எனக்கு அது வேலை செய்தது. ஒவ்வொரு இரவையும் கொப்பியில் எழுதினேன். தோற்றாலும் வென்றாலும் ஒன்றுபோல எழும்பினேன். இரண்டு வருட முடிவில் கணக்குப் பார்த்தேன்: மணித்தியாலத்துக்கு ஒரு யூரோ நாற்பது சென்ட் இலாபம். கிழமையில் நாலு இரவு.

ஒரு நாள் மனைவி சொன்னாள்: "இஞ்சருங்கோ, நீங்கள் தோத்துப்போட்டு ஏசிக்கொண்டு திரிஞ்ச காலமே பரவாயில்லை. அப்ப வீட்டில ஒரு மனுசர் இருந்தார்."

அதற்கு நான் கோபப்படவில்லை. கோபம் வரவில்லை என்பதைத்தான் கவனித்தேன். மகள் பள்ளிக்கூட நாடகத்தில் நடித்ததைப் பார்த்தபோதும் அதே மாதிரித்தான் உட்கார்ந்திருந்தேன் என்று அப்போது ஞாபகம் வந்தது. மேசைக்குப் பழகிய மனம் வீட்டுக்கு வந்ததும் வேறாக மாறும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி ஒரு சுவிட்ச் என்னிடம் இருக்கவில்லை. 2009 இரவில் நான் அமைதியாக இருந்தேன் என்றேனே, அதையும் அன்றுதான் மறுபடி யோசித்தேன். தோற்று விசராடிய இரவிலும் சரி, ஒழுங்காக ஆடிய இரண்டு வருடத்திலும் சரி, நான் நிதானமாக இருக்கிறேன் என்ற எண்ணம்தான் என்னைக் கதிரையில் வைத்திருந்தது.

ஸ்டூ உங்கரைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. 1953இல் நியூயார்க்கில் பிறந்தவர். ஜின் ரம்மியில் எதிர்த்து ஆட ஆள் கிடைக்காமல் போக்கருக்கு வந்தவர். 1980, 1981 இரண்டு வருடமும் உலகத் தொடரின் முதன்மைப் போட்டியை வென்றார். அவரோடு ஆடியவர்கள் பயந்தது ஒன்றுக்குத்தான்: காசு வில்லைகள் அந்த ஆளுக்கு ஒரு பொருட்டே இல்லை. எவ்வளவையும் தள்ளுவார். மேசையில் அது பெரிய பலம். மேசையை விட்டு எழும்பினால் குதிரைப் பந்தயம், விளையாட்டுப் பந்தயம், கொக்கேய்ன். அங்கேயும் காசு ஒரு பொருட்டே இல்லை. ஒரே குணம்தான், இரண்டு குணம் அல்ல.

1990 போட்டியின் மூன்றாம் நாள் அவர் வில்லைக் கணக்கில் முன்னணியில் இருந்தபோது ஆளைக் காணவில்லை. போதை மிஞ்சி விடுதி அறையில் மயங்கிக் கிடந்தார். விதிப்படி ஒவ்வொரு சுற்றிலும் கட்டாயப் பந்தயத்தை அவருடைய குவியலில் இருந்து விநியோகிப்பவர் எடுத்துப் போட்டுக்கொண்டே வந்தார். வெறுங்கதிரை ஆடியது. அது ஒன்பதாம் இடத்துக்கு வந்து, இருபதாயிரம் டாலருக்கு மேல் பரிசும் பெற்றது. உணர்ச்சியே இல்லாத ஆட்டக்காரன் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் கதிரைதான் ஞாபகம் வரும். 1997இல் வேறொருவர் போட்ட காசில் நுழைந்து மூன்றாம் முறையும் வென்றார், பத்து இலட்சம் டாலர், பாதி காசு போட்டவருக்கு. அடுத்த வருடம் நவம்பரில் லாஸ் வேகஸில் ஒரு மலிவு விடுதி அறையில் இறந்து கிடந்தார். வயது 45. சக ஆட்டக்காரர்கள் காசு சேர்த்து அடக்கம் செய்தார்கள்.

அந்த வெறுங்கதிரையில் கடைசியில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் சாண்ட்ஹோமும் நோம் பிரவுனும் செய்த லிப்ராட்டஸ் என்ற நிரல் நாலு தேர்ந்த ஆட்டக்காரரோடு இருபது நாள், 1,20,000 ஆட்டம் ஆடியது. நாலு பேரும் தோற்றார்கள். பகலில் அவர்கள் அதில் கண்டுபிடித்த ஓட்டைகளை அது இரவில் கணக்குப் போட்டு அடைத்துக்கொண்டது. அதற்கு அநியாயம் நடந்ததாகத் தோன்றாது, நேற்றைய தோல்வி உறுத்தாது. தஸ்தயெவ்ஸ்கியின் ரகசியத்தை முழுமையாகக் கடைப்பிடித்த முதல் ஆட்டக்காரர் அது என்று சொல்லலாம். அதுவும் ரூலெட்டில் தோற்கும்.

மறுபடி வீஸ்பாடனுக்கு வருகிறேன். 1871 ஏப்ரல். அன்னா வயிற்றுப்பிள்ளையோடு டிரெஸ்டனில். அவர் கடைசியாக ஒரு தடவை ஆட வந்து, இருந்ததை விட்டார். திரும்பி வரச் செலவுக்கு அவள் அனுப்பிய முப்பது தாலரையும் விட்டார். அன்றிரவு ரஷ்யப் பாதிரியாரைத் தேடி, பாவமன்னிப்புக் கேட்கவோ என்னவோ, இருட்டில் தெரியாத தெருக்களில் ஓடினார். தூரத்தில் ரஷ்யத் தேவாலயம் போல ஒன்று தெரிந்தது. கிட்டப் போய் ஒரு கடையில் விசாரித்தால், அது யூதர்களின் தொழுகைக்கூடம். தலையில் குளிர்தண்ணீர் ஊற்றியது போல இருந்தது என்கிற அர்த்தத்தில் மனைவிக்கு எழுதினார். யூதர்களைப் பற்றி அவர் எழுதியவை பல இடங்களில் வெறுப்பானவை, இந்தக் கடிதத்திலும் நல்ல சொல் இல்லை; அதை மறைக்கத் தேவையில்லை. பத்து வருடமாகத் தன்னை ஆட்டிய பேய் போய்விட்டது என்றும் அதே கடிதத்தில் எழுதினார். இப்படி முன்பும் பல தடவை எழுதியவர்தான். ஆனால் இந்தத் தடவை அதற்குப் பிறகு சாகும் வரைக்கும் ஆடவில்லை. 1872 முடிவோடு ஜெர்மனியில் சூதாட்ட விடுதிகளை எல்லாம் சட்டம் மூடிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மருத்துவத்துக்காக அவர் பின்னர் எம்ஸ் நகரத்துக்குப் பல தடவை வந்தபோது ஆட மேசை இருக்கவில்லை.

அவர் ஏன் ஏமாந்தார் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. வீஸ்பாடனின் ரஷ்யத் தேவாலயத்தையும் மிகேல்ஸ்பெர்க்கில் இருந்த அந்தத் தொழுகைக்கூடத்தையும் கட்டியவர் பிலிப் ஹோஃப்மன் என்ற ஒரே கட்டடக் கலைஞர். இரண்டுக்கும் கும்மட்டம். தொழுகைக்கூடம் 1869இல் திறந்து, 1938 நவம்பரில் நாஸிகள் எரித்தழித்தது. இன்று அந்த இடத்தில், கொல்லப்பட்ட வீஸ்பாடன் யூதர்களின் பெயர்கள் பொறித்த சுவர்கள் நிற்கின்றன. குர்ஹவுஸில் இருந்து அங்கே நடந்து போகலாம். நான் ஒரு சனிக்கிழமை நடந்து பார்த்தேன், மகளும் கூட வந்தாள். பெயர்களை வாசித்துக்கொண்டு நின்றாள். எனக்குக் கண் கலங்கியதை அவள் பார்த்துவிட்டாள், ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது போக்கர் ஆடுவதில்லை. நல்லவனாகிவிட்டேன் என்று எடுக்க வேண்டாம். மணிக்கு ஒரு யூரோ நாற்பது சென்ட் வேலையை யாரும் விடத்தான் செய்வார்கள். சீட்டு நடத்திய பெரியவர் வீட்டில் மாதம் ஒரு ஞாயிறு 304 நடக்கும், காசில்லாமல். போன மாதம் என் பங்காளி கையில் ஜாக்கை வைத்துக்கொண்டு ஒன்பதைப் போட்டார். நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டு ஜெர்மன் அம்மா கதவைத் தட்டினா. பெரியவர் கடதாசியைக் கலைத்தபடி, "தம்பி, இந்த வயசிலயும் உனக்கு இவ்வளவு கோபம் வருதே" என்றார். மனைவி குசினியில் இருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

கேள்விகள் வரிசையில் நிற்பது தெரிகிறது. நேரமும் போய்விட்டது. முதலில் யார் கேட்கிறீர்கள்?